நியூயார்க் சொன்ன 'வேண்டாம்'

அமெரிக்க மாநிலங்களின் குத்துச்சண்டை ஆணையங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நாட்டுக்காரன் இல்லை. சென்னையில் உட்கார்ந்து உங்கள் ஊர்ச் சண்டைகளை முப்பது வருஷமாகப் பார்த்துவருகிறவன். உங்களுக்குச் சனிக்கிழமை இரவு என்றால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டின் பல சண்டைகளை நான் இட்லித் தட்டும் கையுமாகத்தான் பார்த்திருக்கிறேன். 2021 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான் உட்கார்ந்தேன். தட்டில் இருந்தது ஆறுவதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரம். ஹோலிஃபீல்டுக்கு 58 வயது, 59 ஆக இன்னும் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. எதிரே விட்டோர் பெல்ஃபோர்ட், 44 வயது. உண்மையில் ஆஸ்கர் டி லா ஹோயா இறங்கவேண்டிய சண்டை அது. அவருக்குக் கொரோனா வந்துவிட, சில நாள் அவகாசத்தில் ஹோலிஃபீல்டைக் கூட்டிவந்தார்கள். ஹோலிஃபீல்ட் ஒரு குத்து வீசினார், குறி தவறியது, போன வேகத்தில் உடம்பு கயிற்றுப் பக்கம் சாய்ந்தது. யாரும் தள்ளவில்லை. தன் கையை வீசிய வேகத்தைத் தன் காலால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் விழுந்தார், எழுந்தார், மறுபடி அடி விழுந்தது. முதல் ரவுண்டில் 1 நிமிடம் 49 விநாடியில் நடுவர் நிறுத்தினார். அவசரப்பட்டு நிறுத்திவிட்டார்கள் என்று ஹோலிஃபீல்ட் குறைப்பட்டுக்கொண்டார். அவர் அப்படித்தான் சொல்வார். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தச் சண்டை முதலில் லாஸ் ஏஞ்சலஸில் நடப்பதாக இருந்தது. கலிஃபோர்னியா ஆணையம் ஹோலிஃபீல்டை ரிங்குக்குள் விட மறுத்தது. சரி என்று மொத்தக் கடையையும் ஃப்ளோரிடாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே கதவு திறந்தது.

இந்த மனிதர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் 1986 ஜூலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அட்லாண்டாவில் ட்வைட் முகமது கவியோடு 15 ரவுண்டு. அதற்குமுன் எட்டு ரவுண்டைத் தாண்டிப் போகாத பையன், கடைசி மணி வரை நின்று, ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான குரூசர்வெயிட் பட்டத்தை வாங்கினான். ஒரே இரவில் 15 பவுண்டு எடை இறங்கியதாகச் சொல்வார்கள். உடம்பில் நீர் வற்றிப்போய் ஆஸ்பத்திரியில் படுத்தார். 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை மூன்றே ரவுண்டில் படுக்கவைத்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

அப்புறம் 1992 நவம்பர், லாஸ் வேகஸ், ரிடிக் பௌ. பௌ 235 பவுண்டு, இவர் 205. அந்தப் பத்தாவது ரவுண்டை நான் எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது. தொடக்கத்திலேயே கீழிருந்து வந்த ஒரு குத்தில் ஹோலிஃபீல்டின் கால் பிடி விட்டுப்போகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் பௌ அடிக்கிறார், அடிக்கிறார், இவர் ரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளாடுகிறார். வேறு எவனாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பான். பௌவுக்கே கை சோர்கிறது. அப்போது இவர் திருப்பி அடிக்க ஆரம்பிக்கிறார். அந்த ரவுண்டு முடியும்போது பின்வாங்கிக்கொண்டிருப்பது பௌ! சண்டையில் ஹோலிஃபீல்ட் தோற்றார், அது வேறு விஷயம். அந்த ரவுண்டுக்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். 'போதும்' என்ற சொல்லே காதில் ஏறாத ஆள். (காது என்றதும் 1997இல் டைசன் கடித்தது உங்களுக்கு ஞாபகம் வரும். ஹோலிஃபீல்ட் என்றாலே அதைத்தான் பேசுவது அவருக்குச் செய்கிற அநியாயம் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

அப்படிப்பட்ட ஆளுக்குப் 'போதும்' என்று யார் சொல்வது? வாத்தியார் சொன்னால் வாத்தியாரை மாற்றலாம். சண்டை ஏற்பாடு செய்கிறவர் சொல்லமாட்டார், அவருக்கு டிக்கெட் விற்கவேண்டும். நாங்கள் சொல்லமாட்டோம், எங்களுக்குப் பழைய பத்தாவது ரவுண்டு இன்னொரு தடவை வேண்டும். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

உங்களில் ஒருவர் சொல்லவும் செய்தார். 2004 நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லாரி டொனால்டிடம் ஹோலிஃபீல்ட் தோற்றார், வரிசையாக மூன்றாவது தோல்வி. திறமை மங்கிவிட்டது என்று சொல்லி நியூயார்க் ஆணையம் அவரைத் தடுத்தது. மருத்துவப் பரிசோதனைகளில் தேறியும் தடுத்தது. அந்தத் துணிச்சலுக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன். அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். 2006 ஆகஸ்டில் டல்லஸ், நவம்பரில் சான் அன்டோனியோ, 2007இல் கார்பஸ் கிறிஸ்டி, எல் பாஸோ. நாலு சண்டை, நாலும் டெக்சஸ். நியூயார்க்கில் ஆகாத உடம்பு டெக்சஸில் ஆனது. அப்புறம் மாஸ்கோ, சூரிக். 2010இல் நெவாடாவும் உரிமம் கொடுத்தது. தொழில்முறைக் கணக்கில் சேர்ந்த கடைசிச் சண்டை 2011 மே மாதம் கோபன்ஹேகனில், 48 வயதில்.

என் வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். சூரிக்கில் 46 வயதில் ஏழடி உயர நிகோலாய் வாலுயேவோடு நின்று, புள்ளிக் கணக்கில் கொஞ்சத்தில்தான் பட்டம் கைவிட்டுப் போனது. ஹோலிஃபீல்ட்தான் ஜெயித்தார் என்று சொன்னவர்கள் நிறைய. நானும் அன்றைக்கு அப்படித்தான் கத்தினேன். ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் பட்டமே வாங்கினார். ஆகவே வயதுக்கு ஒரு கோடு போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நியூயார்க்கும் வயதைச் சொல்லவில்லையே.

பரிசோதனை போதாதா என்று கேட்பீர்கள். 1994இல் இதயத்தில் கோளாறு என்று ஹோலிஃபீல்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மேயோ கிளினிக்கில் பார்த்தபோது கோளாறு இல்லை என்றார்கள். 1996இல் டைசனோடு மோதுவதற்குமுன் நெவாடா மறுபடி அங்கே அனுப்பிப் பார்த்துவிட்டே விட்டது. அவர் 11ஆவது ரவுண்டில் ஜெயித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் அதே மேயோ கிளினிக்கில்தான் 1980இல் முகமது அலியையும் பார்த்தார்கள். அந்த வருஷத் தொடக்கத்தில் அலி எங்கள் ஊருக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னைப் பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சில மாதம் கழித்து மருத்துவர்கள் அவரை ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னபோது சரியாக வரவில்லை. விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது குறி லேசாகத் தவறியது. அறிக்கையில் அது எழுதியே இருந்தது. சண்டை போடக் கூடாது என்று மட்டும் அறிக்கை சொல்லவில்லை. நெவாடா உரிமம் கொடுத்தது. அக்டோபர் 2 அன்று லாரி ஹோம்ஸ் பத்து ரவுண்டு அடித்தார், அடிக்க மனமில்லாமல் நடுவரைப் பார்த்துப் பார்த்து அடித்தார். அலியின் வாத்தியார் ஏஞ்சலோ டண்டீதான் நிறுத்தினார். அதன்பிறகு அமெரிக்காவில் இடம் கிடைக்காமல் 1981 டிசம்பரில் பஹாமாஸ் போய், கடைசியாக ட்ரெவர் பெர்பிக்கிடமும் தோற்றார் அலி. 1984இல் பார்க்கின்சன் நோய் வெளியே தெரிந்தது.

அலிக்கு இதெல்லாம் நடந்த பிறகுதான் 1996இல் உங்கள் நாட்டில் சட்டம் வந்தது. நாக்அவுட், காயம், தொடர் தோல்வி, ஊக்கமருந்து மாதிரிக் காரணங்களுக்காக ஒரு மாநிலம் தடை போட்டால் மற்றவர்களும் மதிக்கவேண்டும் என்கிறது அது. ஆனால் 'கண்ணெதிரே திறமை போய்விட்டது' என்பதற்கு அந்தப் பட்டியலில் தனியாக ஒரு வரி இல்லை. சட்டத்தைத் திருத்துவது உங்கள் நாடாளுமன்றமான காங்கிரஸின் வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆணையங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து வருஷாவருஷம் கூடுகிறீர்களே, அங்கே பேசி ஒப்பந்தம் போட என்ன தடை? ஒரு மாநிலம் இந்தக் காரணத்துக்காக நிறுத்தினால், அந்த மாநிலத்தின் கோப்பைப் படித்து, எழுத்தில் பதில் சொல்லாமல் இன்னொரு மாநிலம் உரிமம் தரக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இருபது கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர் என்று ஹோலிஃபீல்டைச் சொல்வார்கள். 109 அறை கொண்ட அவருடைய வீடு 2012இல் கடனுக்குப் போனது. அவரே அப்படி என்றால், முன்வரிசைச் சண்டைகளில் பெயர்கூட வராத ஆட்கள் நாற்பது வயதுக்குமேல் ஏன் கையுறையைக் கழற்றுவதில்லை என்று யோசிக்க ரொம்ப நேரம் வேண்டாம். மாநில அளவில் குத்துச்சண்டை வீரர்களுக்கு ஓய்வூதிய நிதி வைத்திருப்பது கலிஃபோர்னியா மட்டும்தான், 1982 முதல். ஹோலிஃபீல்டுக்குக் கதவைச் சாத்தியதும் அதே கலிஃபோர்னியா. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

2024 நவம்பரில் டெக்சஸ் மறுபடி கதவைத் திறந்தது, இந்த முறை 58 வயது டைசனுக்கு. மூன்று நிமிட ரவுண்டை இரண்டு நிமிடமாக்கினீர்கள், 10 அவுன்ஸ் கையுறையை 14 அவுன்ஸாக்கினீர்கள். ஆனால் கணக்கில் அதைத் தொழில்முறைச் சண்டை என்றே எழுதினீர்கள். முழுச் சண்டை அவருக்குத் தாங்கும் என்று நம்பியிருந்தால் அந்த மாற்றங்கள் எதற்கு?

அடுத்த முறை நீங்கள் கூடும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அரங்கில் ஒரு திரை கட்டி, 1992இன் பத்தாவது ரவுண்டையும் 2021இன் அந்த 1 நிமிடம் 49 விநாடியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். வர்ணனை வேண்டாம், சத்தத்தை அணைத்துவிடுங்கள். கையைப் பார்க்காமல் ஹோலிஃபீல்டின் காலை மட்டும் பாருங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்