நாற்காலியை விட்டு எழுந்திரு, கண்ணா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜிம்முக்குக் கட்டிய பணம் வீண், போக நேரமே இல்லை, அதனால் உடற்பயிற்சி என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஜிம்முக்குப் போகாததில் எனக்கு வருத்தம் இல்லை. காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுவதே இல்லை என்று கூடவே எழுதியிருந்தாயே, அதுதான் என் மனதை அரிக்கிறது.

வியர்க்க விறுவிறுக்க ஒரு மணி நேரம் செய்தால்தான் பலன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைக்கிறாய். அப்படி இல்லைப்பா. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நோய் வந்த நடத்துநர்களுக்கும் அது அவ்வளவு கடுமையாக இல்லை. ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்பாய். மாரிஸும் அதை யோசித்து, சீருடை அளவுகளை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களுக்கு இடுப்பளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் உடல்வாகைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் நடத்துநர்களுக்கு இருந்த அனுகூலம் போய்விடவில்லை. நடந்து தபால் கொடுப்பவர்களையும் உட்கார்ந்து வேலை செய்யும் அலுவலர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குதான். நேரம் ஒதுக்கிச் செய்த பயிற்சி இல்லை அது, பிழைப்பே அவர்களை நடக்க வைத்தது.

உன் அப்பா வழியில் எல்லோருக்கும் சர்க்கரை உண்டு என்பதால் இதையும் சொல்கிறேன். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொடையும் கெண்டைக்காலும் உடம்பின் பெரிய தசைகள். நீ உட்கார்ந்திருக்கும்போது அவை சும்மா கிடக்கின்றன. அதனால் சாப்பிட்டவுடன் திரையின் முன்னால் போய் அமராதே. பத்து நிமிடம் நட, ஐந்து நிமிடம்தான் முடியும் என்றால் அதுவும் சரி. காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதும் கெண்டைக்கால் தசைதான். சாயங்காலம் கால் கனக்கிறது, வீங்குகிறது என்றாயே, நெடுநேரம் அசையாமல் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். எழுந்து நடந்தும் வீக்கம் வடியாவிட்டால் டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே.

தினமும் பத்தாயிரம் காலடி நடக்க முடியாதே என்று மலைக்காதே. 1965-இல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நீ இளையவன், உனக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கொஞ்சம் நடப்பவனுக்கும் பலன் உண்டு என்பது தெரிகிறதல்லவா?

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது, 2020-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். லிஃப்டை விட்டுப் படியேறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். வீடு பெருக்குவது, துணி துவைத்துக் காயப்போடுவது, மூட்டை தூக்கிக்கொண்டு வருவது எல்லாமே சேரும். மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுக் கொடுக்கிற மாதிரி ஏதாவது செய். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து உட்கார்வதில் தொடங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது உட்காராதே. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டு பேசு, நானும் இங்கே நடந்துகொண்டே பேசுகிறேன். மூச்சு வாங்கினால் சொல், இரண்டு பேரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா