சேர் இருக்கு, உக்காரத்தான் முடியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரைல ஒரு ஜவுளிக்கடைல சேலை செக்‌ஷன்ல ஒம்பது வருஷமா வேலை பாக்குறேன். எனக்கு அடிக்கடி மயக்கம் வரும். பலவீனம், ரத்தசோகை, சாப்பிடாம வந்திருப்பான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எனக்கு ரத்தம் 12.4 இருக்கு, காலைல நாலு இட்லி சாப்பிட்டுத்தான் பஸ் ஏறுறேன்.

மொத தடவ விழுந்தது ஏழாவது படிக்கும்போது, ஸ்கூல் பிரேயர்ல, வெயில்ல. அப்புறம் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்குறப்ப ஒருக்கா, சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்குறத பாக்க விடியவிடிய கூட்டத்துல நின்னப்ப ஒருக்கா, அன்னிக்கு பக்கத்துல இருந்த பாட்டி எனக்கு சாமி வந்துருச்சுன்னு நெத்தி பூரா திருநீறு பூசி குறி கேக்கவே ஆரம்பிச்சுருச்சு. கடைல விழுந்தப்ப கை கால் ரெண்டு வெட்டு வெட்டுனதால வலிப்புன்னு முடிவு பண்ணி ஒரு டாக்டர் ஒன்றரை வருஷம் வலிப்பு மாத்திரை குடுத்தார். அந்தப் பேர்ல ரெண்டு வரன் தட்டிப்போச்சு, அது வேற கதை.

அப்புறம் பாத்த டாக்டரம்மாதான் விழறதுக்கு முன்னாடி என்னம்மா தெரியும்னு நிதானமா கேட்டாங்க. கொட்டாவி வரும், பிடரில வேர்க்கும், வயித்தப் பெரட்டும், காதுல ஙொய்ங்னு சத்தம், அப்புறம் கண்ணு ஓரத்துலருந்து இருட்டிக்கிட்டு வரும்னு சொன்னேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். கடைசில ஒரு கட்டில்ல படுக்கவச்சு பெல்ட் போட்டு கட்டிலையே 70 டிகிரிக்கு நிமித்திட்டாங்க, டில்ட் டெஸ்ட்டாம், 23வது நிமிஷம் போயிட்டேன், பிபி 60க்கு வந்துருச்சு, கட்டில பழையபடி சாச்சதும் முழிச்சுட்டேன். வேசோவேகல் சின்கோப்பின்னு எழுதிக் குடுத்தாங்க. அசையாம நின்னா யாருக்கும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் கால் பக்கம் எறங்கிருமாம், மத்தவங்க உடம்பு அத சமாளிச்சுக்கும், என் உடம்புல அந்த நேரம் பாத்து வேகஸ் நரம்பு இதயத்த மெதுவாக்கிருது, ரத்தக்குழாயும் தளந்துபோகுது, மூளைக்கு ரத்தம் பத்தல. உயிருக்கு ஒண்ணும் இல்ல, விழற எடம்தான் ஆபத்துன்னாங்க. பில் கவுண்டர் கிரானைட் என் தாடைல போட்ட தையல் நாலு.

மாத்திரை எதுவும் எழுதல. தண்ணி நெறைய குடி, உப்பு கொஞ்சம் கூட சேத்துக்கோன்னாங்க (அம்மாவுக்கு பிரஷர், அதனால எங்க வீட்ல தெனம் ரெண்டு கொழம்பு), கண்ணு இருட்டுற மாதிரி இருந்தா கால பின்னி தொடைய இறுக்கிப் பிடி, அப்பவும் கேக்கலன்னா யோசிக்காம உக்காரு, இல்ல படுத்துரு. அவ்வளவுதான் வைத்தியம். அது எங்க கடைல நடக்காது. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், அது அஞ்சாவது மாடில, போயிட்டு வர்ற நேரத்த எழுதி வைப்பாங்க, அதனால நாங்க யாருமே தண்ணி குடிக்கிறதில்ல. உக்காந்தா கேமரால பாத்து சூப்பர்வைசர் வருவார்.

2021ல நம்ம கவர்ன்மென்ட் கடைகள் சட்டத்துல 22-ஏன்னு புதுசா ஒரு பிரிவு சேத்தாங்க, வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் இருக்கை போடணும், சும்மா இருக்குற நேரம் உக்காரலாம்னு. கேரளாவுல 2018லயே வந்துருச்சு, கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைப் பொண்ணுங்க வருஷக்கணக்கா போராடி வாங்குனது. எங்க கடைலயும் நாலு பிளாஸ்டிக் சேர் வாங்குனாங்க, இப்ப அது குடோன்ல இருக்கு, மேல பாவாடைத் துணி பண்டல் அடுக்கியிருக்கு.

சரி, விழுந்தப்புறமாவது ஒழுங்கா பாப்பாங்களான்னா, நாலு பேர் அக்குள்ல கை குடுத்து தூக்கி, அந்த நேரம் எங்கிருந்தோ ஒரு சேர் வரும், அதுல உக்கார வச்சு தலைய நிமித்திப் பிடிச்சுக்கிட்டு வாயில சோடா ஊத்துவாங்க. நிக்கிறப்ப குடுக்க வேண்டிய சேர படுக்க வேண்டிய நேரத்துல குடுக்குறாங்க! தரைல மல்லாக்கப் படுக்கவச்சு ரெண்டு காலையும் தூக்கிப் பிடிச்சா போதும், ஒரு நிமிஷத்துல நானே எந்திரிச்சுருவேன், நெனவு திரும்பறதுக்குள்ள வாயில எதையும் ஊத்த வேணாம், பொற ஏறிரும். அப்புறம் அந்த சாவிக் கொத்து. யாரோ ஒருத்தர் இரும்பு, இரும்புன்னு தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள நான் முழிச்சுக்கிறேன், பேரு சாவிக்குப் போயிருது. ஒரு நிமிஷம் தாண்டியும் முழிக்கலன்னா, இல்ல நெஞ்சு வலின்னு சொல்லிட்டு விழுந்தா, அது வேற விஷயம், உடனே 108க்கு போன் பண்ணுங்க.

தொழிலாளர் துறை ஆபீசர்களுக்கு உங்க பேப்பர் மூலமா ஒரே வேண்டுகோள். செக்கிங் வந்தா மொத நாளே சொல்லிட்டு காலைல பத்து மணிக்கு வராதீங்க, அன்னிக்கு அந்த நாலு சேரும் தொடச்சு கீழ வந்துரும். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கஸ்டமர் மாதிரி மாடி ஏறி வாங்க, சேலை செக்‌ஷன்ல யார் உக்காந்திருக்காங்க, யார் நிக்கிறாங்கன்னு நீங்களே எண்ணிக்கிங்க.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக்கடை ஊழியர்,
மதுரை.
(பேர் போட வேணாம் சார், வேலை போயிரும்)