30 கி.மீ. வரம்பு எந்தத் தெருவில் தொடங்குகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் மாற்றியமைத்த வேக வரம்புகளில் பலருக்கும் நினைவிருப்பது கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40 என்பதுதான். குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டியும் 30-ஐத் தாண்டக் கூடாது என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. ஆனால் குடியிருப்புப் பகுதி என்பது எது? பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் கீழே கடை, மாடியில் வீடு, நடுவில் மாநகரப் பேருந்து. மயிலாப்பூர் கச்சேரி ரோடும் அப்படித்தான். இங்கெல்லாம் 60-ஆ, 30-ஆ? வண்டி ஓட்டுகிறவர் தனக்கு வசதியானதைத்தான் எடுத்துக்கொள்வார்.

ஸ்பெயினில் இந்தக் குழப்பமே இல்லை. 2021 மே முதல் அந்நாட்டு நகரங்களில் திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள தெரு என்றால் 30. அங்கே வீடா, கடையா என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. நம் ஊரிலும் இப்படி ஓர் அளவுகோல் வேண்டும்.

'30 என்றால் நடந்தே போகலாமே' என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 60-இல் வரும் கார் அதற்குள்ளேயே ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் 30-இல் வரும் காரோ சுமார் 13 மீட்டரில் நின்றே விடும். அதாவது மெதுவாக வந்தவர் வண்டியை நிறுத்திவிடும் இடத்தைக் கடக்கும்போதுகூட, வேகமாக வந்தவர் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். இரண்டு கிலோமீட்டர் கடைத்தெருவில் இந்த வேகம் மிச்சப்படுத்துவது இரண்டே நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் விழுங்கிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்படிக் குறைக்கும்போது உரிய இடங்களில் பலகை வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் '30' என்று எழுதிய பலகை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. பலகை இல்லாத இடத்தில் அபராதம் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

அதனால்தான் தெருவாசிகள் தாங்களே சிமென்ட்டைக் குழைத்து வேகத்தடை போட்டுக்கொள்கிறார்கள். சாலை அமைப்புக்கான நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில் மெல்ல ஏறி இறங்க வேண்டும். தெருவில் இருப்பதோ வரப்பு மாதிரி செங்குத்தாக நிற்கிறது. வெள்ளைக் கோடும் கிடையாது. பின்சீட்டில் இருப்பவர் இரவில் தூக்கி வீசப்படாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

மாநகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து, 30 வரம்புக்குள் வரும் தெருக்களின் பட்டியலை வார்டுவாரியாக வெளியிட வேண்டும். பேருந்து ஓடும் குறுகிய கடைத்தெருக்களை அதில் விட்டுவிடக் கூடாது. பலகை நட்டு, நெறிப்படியான வேகத்தடை போட்ட பிறகு அபராதம் விதிக்கட்டும். பள்ளிகளுக்கு முன்னுள்ள தெருக்களிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.