ஜாதகம் பார்த்து வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை முழுக்கக் கேட்டேன். ஜோசியர் சொன்னது பலிக்குமா என்று கேட்டிருந்தாய். அதை விடு. எனக்கு அவர் பேச்சைவிட, நடுநடுவே நீ பேசியதுதான் சுவாரசியமாக இருந்தது.

"உங்ககிட்ட நிறைய திறமை இருக்கு, இன்னும் வெளிய வரல" என்கிறார். அவர் முடிப்பதற்குள் "ஆமாங்க, கரெக்டு" என்கிறாய். "பார்க்கக் கறாரா இருப்பீங்க, உள்ளுக்குள்ள இளகின மனசு." அதற்கும் ஓர் ஆமாங்க. கொஞ்ச நேரம் கழித்து, வாக்கு ஸ்தானத்தில் செவ்வாய், பேச்சில் சூடு இருக்கும், பழகினவர்களே விலகிப் போவார்கள் என்று சொல்கிறார். அங்கே உன் குரல் மாறிவிடுகிறது. "அது கோபம் இல்லைங்க, மனசுல பட்டதைச் சொல்லிடுவேன், அவ்வளவுதான்." அவரும் அனுபவசாலி. "அதான், வெள்ளை மனசு" என்று சுருதியை மாற்றிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

அதே ஜாதகம், அதே ஆள். முதல் இரண்டையும் கிரகமே வந்து சொன்னதாக எடுத்துக்கொண்டாய். மூன்றாவதற்கு மட்டும் பேரம் பேசினாய்.

இது உனக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு, இது உன் குணநலன் என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்; வரிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. "பயன்படுத்தாத திறமை உன்னிடம் நிறைய இருக்கிறது" என்ற வரியும் அதில் உண்டு! யாராவது மறுப்பார்களா, சொல்.

அப்புறம் அந்த ஏழரைச் சனி. வேலை போனதற்கும் வீட்டில் சண்டை வந்ததற்கும் அதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். கணக்குப் போட்டுப் பார். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருஷம் இருக்கும். நம் ராசிக்குப் பன்னிரண்டில் (அதாவது முந்தைய ராசியில்), நம் ராசியில், இரண்டில் (அடுத்த ராசியில்) என்று மூன்றிலும் சேர்த்து இருக்கும் காலம்தான் ஏழரை. ஆக எந்த நாளில் பார்த்தாலும் மூன்று ராசிக்காரர்கள் ஏழரையில் இருப்பார்கள். நாலில் வந்தால் அர்த்தாஷ்டமம், ஏழில் கண்டகம், எட்டில் அஷ்டமம். பன்னிரண்டு ராசியில் ஆறுக்கு எப்போதும் ஏதோ ஒரு சனி நடக்கிறது. உன் மேலாளருக்குக்கூட நடந்திருக்கலாம். அவரும் உன்னைப் பற்றி வீட்டில் போய் அதையே சொல்லியிருப்பார்.

ஜாதகமே பார்க்காதே என்று சொல்லவில்லை. (அக்கா நாத்திகம் பேசுகிறாள் என்று அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிடாதே.) ஒரு மணி நேரம் தன்னைப் பற்றி மட்டுமே பேச நமக்கு வேறு எங்கே இடம் கிடைக்கிறது? சொல்லத் தயங்குவதைக்கூட கட்டத்தின் மேல் போட்டுச் சொல்லிவிடலாம். "எனக்கு இப்போ ராகு தசை" என்பவர் பல சமயம், நான் ரொம்பக் குழம்பிப் போயிருக்கிறேன் என்றுதான் சொல்கிறார். அதில் நிஜம் இருக்கிறது. ஆனால் குழப்பம் ராகுவுடையதாகிவிட்டால், அதில் நமக்கென்று செய்ய வேலை எதுவும் மிஞ்சுவதில்லை.

அதனால் அந்தப் பதிவை இன்னொரு தரம் போட்டுக் கேள். ஜோசியரை விட்டுவிடு, உன் குரலை மட்டும் கவனி. எந்த இடத்தில் சட்டென்று தலையாட்டினாய், எந்த இடத்தில் விளக்கம் கொடுத்தாய் என்று குறித்துக்கொள். என்னைக் கேட்டால், விளக்கம் கொடுத்த இடம்தான் உன் ஜாதகம்.

ஒரு வருஷமாக உன்னோடு பேசாத நண்பனைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் நீ வாயே திறக்கவில்லை. பேச்சில் சூடு உண்டா இல்லையா என்று செவ்வாயைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் உண்டு என்று சொன்னால், "இல்லடா, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பிக்காதே. முழுக்கச் சொல்லி முடிக்கட்டும்.

வர்ற சனிக்கிழமை பரிகாரத்துக்குப் போவதாக எழுதியிருந்தாய். சரி, போய்விட்டு வா. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமையே அவனுக்கு ஒரு ஃபோன் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா