ஸ்பூனைக் கீழே போடும் குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒன்றரை வயதில் நிறங்கள், 2 வயதில் எழுத்துகள், 10 வரை எண்கள், இதற்கெல்லாம் தினமும் அரை மணி நேரம் பட அட்டைகள் என்று கட்டம் போட்டு ஓர் அட்டவணை கொடுத்திருந்தீர்கள். என் மகள் அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறாள். பேத்திக்கு 10 மாதம்தான் ஆகிறது. "இன்னும் எதுவுமே ஆரம்பிக்கலையேப்பா, பின்தங்கிடுவாளோ" என்று என்னிடம் கேட்டாள். எதுவுமே ஆரம்பிக்கவில்லை என்று அவள் சொன்னதுதான் என் மனதை உறுத்துகிறது. பகல் முழுக்க அந்தக் குழந்தையோடு இருப்பவன் நான்.

ஸ்பூன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்தால், கையை வெளியே நீட்டி, விரல்களை மெதுவாக விரித்து, அதை விழவிடுகிறாள். சத்தம் கேட்டதும் ஓரமாகக் குனிந்து அது எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறாள், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறாள். எடுத்துக் கொடுத்தால் இந்தத் தடவை இடது கை. அடுத்த தடவை நாற்காலியின் மறுபக்கம். நேற்று 14 தடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஸ்பூனுக்குப் பதிலாக ஒரு கைக்குட்டையைக் கொடுத்தேன். அதையும் போட்டாள். சத்தமே வரவில்லை. கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள், மறுபடி கீழே பார்த்தாள். அந்த நாலைந்து விநாடி அவள் முகத்தில் ஓடியது யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பிள்ளைகள் சின்ன வயதில் இதையே செய்தபோது சேட்டை என்று நினைத்து ஸ்பூனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளைப் பக்கத்திலிருந்து பார்த்துக் குறிப்பெடுத்தவர். அவருடைய மகனும் 10 மாதத்தில் இதைத்தான் செய்திருக்கிறான். படுத்தபடியே கையை நீட்டி, ஓர் அன்னப் பொம்மையையும் பெட்டியையும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்திலிருந்து விழவிட்டுப் பார்த்திருக்கிறான். அதைப் பியாஜே குறும்பு என்று ஒதுக்கவில்லை, சோதனை என்றே எழுதிவைத்தார். ஆனால் அவரும் குழந்தைகளைக் கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பிட்டார். மூடி மறைத்த பொருளைக் கையால் தேடத் தொடங்குவது ஏறக்குறைய 8 மாதத்துக்குப் பிறகுதான் என்பதால், அதற்கு முன் கண்ணுக்கு மறைந்த பொருள் குழந்தைக்கு இல்லாத பொருள்தான் என்று முடிவுகட்டினார். 1985-இல் ரெனே பாயர்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி என்ற உளவியல் ஆய்வாளர்களும் இன்னொருவரும் சேர்ந்து 5 மாதக் குழந்தைகளுக்கு ஒரு காட்சி காட்டினார்கள். ஒரு பலகை பின்பக்கமாகச் சாய்கிறது, அதன் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது. பலகை பெட்டியில் முட்டி நிற்க வேண்டும். நிற்காமல், பெட்டியே இல்லாததுபோல முழுக்கச் சாய்ந்தபோது குழந்தைகள் வியந்ததுபோல அதையே நெடுநேரம் பார்த்தார்கள். மறைந்த பெட்டி அங்கேதான் இருக்கிறது என்பது அவர்கள் மனதில் இருந்திருக்கிறது, கையை நீட்டி அதை எடுக்கும் சாமர்த்தியம்தான் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் யாரும் அட்டையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை. குழந்தை தானாகக் கை வைத்து, பார்த்து, ஏமாந்து, திரும்பச் செய்து தேடிக்கொள்வது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஸ்பூனை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையென்றால் அந்தச் சோதனை முதல் தடவையோடு முடிந்துபோகும்.

ஆள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 தடவை விளையாடினார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் கட்டுரையோ 'கல்வி வீடியோக்கள்' என்று ஒரு தனிப் பத்தியே ஒதுக்கியிருந்தது.

எண்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் மூத்த பேரன் இரண்டரை வயதில் 10 வரை கடகடவென்று சொல்வான், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மெச்சிவிட்டுப் போவார்கள். ஒருநாள் மரக்கட்டைகளை முன்னால் பரப்பி, "தாத்தாவுக்கு மூணு கொடு" என்றேன். கைநிறைய அள்ளிக் கொடுத்தான். ஒன்று கேட்டால் மட்டும் சரியாக ஒன்று கொடுத்தான். அவன் சொன்னது பாட்டுப்போல ஒரு வரிசை, எண்ணுவது என்பது வேறு. பிறகு படித்துப் பார்த்தால் குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தானாம். முதலில் ஒன்றுக்கு மட்டும் பொருள் புரியும், சில மாதம் கழித்து இரண்டு, இன்னும் சில மாதம் கழித்து மூன்று, அதற்கப்புறம்தான் எண்ணி முடித்த கடைசிச் சொல்லே மொத்தத்தின் அளவு என்பது பிடிபடும். ஒப்பிப்பதைக் கேட்டுவிட்டு அட்டவணையில் டிக் அடித்தால் நாம் எதை அளந்தோம் என்பதே நமக்குத் தெரியாது.

அட்டவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் கவனிக்க வேண்டியவை உண்மையிலேயே சில உண்டு, அவைதான் உங்கள் கட்டுரையில் விட்டுப்போயின. 12 மாதம் ஆகியும் குழந்தை மழலையாக எதுவும் சொல்லாமலோ, விரல் நீட்டிக் காட்டுவது, கையசைப்பது போன்ற எந்தச் சைகையும் செய்யாமலோ இருந்தால், 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை என்றால், 2 வயதில் தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், எந்த வயதிலும் முன்பு வந்த பேச்சு நின்றுபோனால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், காது கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் இதைப் போடுங்கள். என் மகள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாத்தா