இனி அதைத் தேய்க்காதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. நான் தந்த ஹெல்மெட்டை, உச்சியில் கூர்முனை வைத்த அந்தப் பழைய ஜெர்மன் ராணுவத் தோல் ஹெல்மெட்டை, தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறாய். அப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் செய்திருப்பாய். போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

இனி அதைத் தேய்க்காதே. முன்னால் உள்ள அந்தப் பித்தளைக் கழுகுத் தகட்டின் மேல் இருந்தது அழுக்கு இல்லை, நூறு வருடமாக ஏறிய நிறம். போனால் போனதுதான். தகட்டின் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும் பாலிஷை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடு. வேடிக்கை என்னவென்றால், மினுக்கம் எதிரியின் கண்ணில் படக்கூடாது என்று 1892இலேயே இதற்குத் துணி உறை போட்டுவிட்டார்கள்.

உன்னைத் திட்ட எனக்கு உரிமையும் இல்லை. ஸ்டுட்கார்ட் பழைய சாமான் சந்தையில் முதன்முதலாக வாங்கியதற்கு நான் எண்ணெய் பூசினேன். தோலை அச்சில் அழுத்தி, கறுப்பு அரக்கு பூசிச் செய்தது அது. எண்ணெய் இறங்கியதும் தோல் இளகி, முன் விளிம்பின் தையல் விட்டுப்போனது. அம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

அடுத்ததில் ஏமாந்தேன். ஜெர்மனியின் சிறிய ராஜ்யமான வூர்ட்டம்பெர்க்கின் ஹெல்மெட் என்று விற்றார்கள், சிங்கமும் மானும் தாங்கிய சின்னத்தோடு. வீட்டில் தகட்டைக் கழற்றினால், அதன் பின்னால் தேவைக்கு மேல் இரண்டு துளைகள்! அங்கே பெரிய ராஜ்யமான பிரஷ்யாவின் கழுகைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறார்கள். பிரஷ்யா நிறையக் கிடைக்கும், வூர்ட்டம்பெர்க் குறைவு. விலை அங்கேதான் ஏறுகிறது.

டொராண்டோ கடையில் நீ பார்த்தது புத்தம் புதிதாக இருக்கிறது என்பதற்காகப் போலி என்று நினைக்காதே. 1919இல் போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக, முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைப்பற்றிய ஹெல்மெட்டுகளை அமெரிக்கர்கள் கப்பலில் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் சுமார் 12,000 ஹெல்மெட்டுகளை அடுக்கிப் பிரமிடே கட்டினார்கள். அவற்றில் எத்தனையோ யார் தலையிலும் ஏறாதவை. எனக்கு அந்த வகை வேண்டாம்.

ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர் போர்ச் சாமானைச் சேர்ப்பானேன் என்று கேட்டிருந்தாய். 1842இல் பிரஷ்யாவில் இதைக் கொண்டுவந்தபோது தலைக்கு மேல் வரும் வாள்வெட்டுத்தான் கவலை. 1914இல் அதே தோல் தொப்பியோடுதான் பீரங்கிக்கு முன்னால் போனார்கள். 1915இல் முனையைக் கழற்றும்படி செய்தார்கள், பித்தளைக்குப் பதில் சாம்பல் நிற இரும்பு வந்தது. உருக்கு ஹெல்மெட் வந்ததோ 1916இல். ஷெல் துண்டு எதையெல்லாம் துளைத்துப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தோலின் தடிப்பு எவ்வளவு, நீயே விரலால் பிடித்துப் பார். முதல்முறை கையில் எடுத்த அன்று அதை என்னால் கீழே வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. முனையைப் பிடித்துத் தூக்காதே.

அப்புறம், பின் விளிம்பின் அடியில் முத்திரைக்குப் பக்கத்தில் மையால் எழுதிய இரண்டு எழுத்துகள் இருந்தன. போட்டிருந்தவன் தன் பெயருக்கு எழுதியது. அதையும் துடைத்துவிட்டாயா? வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா