புட்டுவின் சாப்பாடு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் "புட்டு நல்லா இருக்கான்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். நடந்ததை அப்போதே சொல்லியிருந்தால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்திருப்பாய். இப்போது சரியாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகையோடு நம் முயல்குட்டனுக்கு எட்டு வயது முடிந்தது. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. வயசாயிடுச்சு, மெத்தென்று ஏதாவது கொடுங்கள் என்று நீ சொன்னாயே, அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாழைப்பழம், துருவிய கேரட், இட்லிகூட. நானும் என் பங்குக்கு முயல் தீவனமான பெல்லட்டை ஒரு கைப்பிடி கூட்டிவைத்தேன். மூன்று மாதம் இப்படியே போனது. புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்தது, தாடை எப்போதும் ஈரமாக இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் இரவு வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

முயல் தின்னாமல் கிடந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அரை நாள் வயிறு காய்ந்தாலே குடல் ஓட்டம் மந்தமாகிவிடும், அதற்கு வாந்தியும் வராது. ஆட்டோ பிடித்து ஓடினேன். டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார்: கடைவாய்ப் பல் ஒன்று ஊசி மாதிரி வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. முயலுக்குச் சாகும்வரை பல் வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். நாம் பல்லுக்கு வேலையே கொடுக்கவில்லை. மயக்கம் கொடுத்து ராவிவிட்டார். ஒரு வாரம் பெல்லட்டை ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினோம்.

இப்போது புல்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொடுகறி. அவன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். பிள்ளையார் கோயில் வாசலில் பூக்கார அக்காவிடம் தினமும் அருகம்புல் கட்டு வாங்குகிறேன். "என்ன சார், பெரிய வேண்டுதலா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அலசி, மாடியில் நிழலில் உலர்த்தினால் வைக்கோல் வாசனை வரும், அதைத்தான் விரும்பித் தின்கிறான். நடுவில் குதிரைமசால் என்கிற தீவனத் தழை வாங்கிப் போட்டேன், மூத்திரம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வந்தது. வளர்ந்த முயலுக்கு அதில் கால்சியம் அதிகமாம், நிறுத்திவிட்டேன். முருங்கைக் கீரையும் அப்படித்தான், எப்போதாவது நாலு இணுக்கு. கொத்தமல்லி, புதினா தினமும் ஒரு கை. பெல்லட் இரண்டு ஸ்பூன். கேரட் ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரு வில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டேன். கழுத்தைத் தூக்க முடியவில்லை போலும். மண்சட்டியில் வைத்த பிறகு நிறையக் குடிக்கிறான். விடிகாலையில் குனிந்து ஒரு மெத்துப் புழுக்கையைத் தின்பானே, நீகூட "சீ" என்பாய், சத்தெல்லாம் அதில்தான். இப்போது இடுப்பு வளையவில்லை, பின்னால் ஒட்டிக்கொள்கிறது. அம்மா வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுகிறாள்.

ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்துக் காலண்டரில் குறித்துவைக்கிறேன். பல் ராவிய அன்று 1.62 கிலோ, நேற்று 1.75.

பொங்கலுக்கு வரும்போது அவனுக்கு பிஸ்கட் கிஸ்கட் வேண்டாம். உங்கள் ஊரில் டிமோதி புல் பாக்கெட்டில் கிடைக்குமாமே, இரண்டு வாங்கி வா. வாழைப்பழ விஷயத்தை நான் எழுதியதாக அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா